சிப்பி அம்பு

நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற பழமொழியை மன்னார்த் தீவில்தான் யாரோ உண்டாக்கியிருக்க வேண்டும். அங்கே மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. நாய்க்கு எறிவது கிடக்கட்டும், சும்மா கையில் வைத்து உருட்டக்கூட ஒரு கல் அகப்படாது. இது தெரிந்துதான் றஞ்சிதம் ஒரு கிழமையாக நறுவிலிக்குளத்துச் சரளை போட்ட கிறவல் ரோட்டில் குனிந்து குனிந்து கல் பொறுக்கினாள். எல்லாம் சிவப்புக் கல், புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. கழுவிக் காயவைத்து ஒரு சீனிப் பையில் போட்டுக் கட்டினாள்.

"ஊரு புள்ளைங்க சோறு கட்டிக்கிட்டுப் போகும். நீ கல்லக் கட்டிக்கிட்டுப் போறியேடி! அங்க என்னா, கோயிலா கட்டப் போறீங்க?" என்று சிரித்தாள் தாய் ராக்கம்மா.

"அம்பு போடுறதுக்கம்மா. முன்னுக்குப் போற அணி வழியில கல்லால அம்பு போடும். பின்னுக்கு வாற பிள்ளையள் அதைப் பாத்து வருவினம்."

"வருவினம், போவினம்... வீட்டுலயாவது நம்ம பேச்சுப் பேசுடி."

றஞ்சிதம் பேசமாட்டாள். அதற்கு அவளிடம் காரணம் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. சமாதானம் என்று பெயர் வைத்த இரண்டாவது வருடம். சண்டை நின்றுவிட்டது என்று யாரும் நம்பவில்லை, ஆனாலும் பஸ் ஓடியது, பாதை திறந்திருந்தது. திறந்திருக்கும்போதே ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஓர் அந்தரம். நானாட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பெண் சாரணியர் பதினெட்டுப் பேரைப் பேசாலைக் கடற்கரைக்கு மூன்று நாள் பாசறைக்குக் கூட்டிப்போக மாக்கிறட் மிஸ் துணிந்ததும் அந்த அந்தரத்தில்தான். அனுமதிக் கடிதத்துக்கு மட்டும் நாலு தரம் நடந்தார்.

மூன்று நாள் முடிவில் ஒரே ஒருத்தியை நுவரெலியாவில் நடக்கும் அகில இலங்கைப் பாசறைக்குத் தெரிவு செய்வார்கள். "நடைப்பயணத்தை ஒழுங்காய் நடத்தி முடிச்சால் றஞ்சிதம்தான்" என்று மிஸ் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். றஞ்சிதம் பத்தாம் வகுப்பு, தாமரை அணியின் தலைவி. முடிச்சுப் போடுவதில், முதலுதவியில், கூடாரம் அடிப்பதில் அவளை வெல்ல ஆளில்லை.

மற்றப் பிள்ளைகளுக்கு நுவரெலியா என்றால் குளிரும் படமும். ராக்கம்மாவுக்கு அது பிறந்த இடம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயம், அந்தக் கூலிவீட்டு வரிசை, எரிந்தபோது பதினாலு வயது ராக்கம்மாவைத் தகப்பன் லொறியில் ஏற்றிக்கொண்டு வன்னிப் பக்கம் வந்துவிட்டார். கலியாணமாகியிருந்த அக்கா வெள்ளையம்மா அங்கேயே நின்றுவிட்டாள். அன்றைக்கு லொறிக்குப் பின்னால் ஓடிவந்த அக்காவைக் கண்டதுதான். இருபத்தாறு வருடம். முதலில் பாதை பூட்டு. பாதை திறந்தபோது புருஷன் காத்தமுத்து உழவு மெசினிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து பாயில் கிடந்தான். வயற்கூலிக்காரி நாலு நாள் அடுப்பை அணைத்துவிட்டு எங்கே போவது?

அதனால் மகள் போக வேண்டும். தன் கண்ணால் இல்லாவிட்டாலும் தன் பிள்ளையின் கண்ணால் அக்காவைப் பார்த்துவிட வேண்டும். ராக்கம்மா தெரிவுக்காகக் காத்திருக்கவே இல்லை. மகளை உட்காரவைத்துக் கடிதம் எழுதுவித்தாள்: நம்ம றஞ்சிதம் அடுத்த மாசம் பாசறைக்கு வருது, மன்னார்ப் புள்ளன்னு வாசல்ல கேட்டா காட்டுவாங்க.

"இன்னும் என்னைத் தெரிவு செய்யேல்லையம்மா."

"செய்வாங்கடி. உன்னய விட்டா வேற யாரு?"

கடிதம் தபாலில் போய்விட்டது.

இப்போது அந்தப் பேச்சு விஷயம். ஆறாம் வகுப்புக்கு வந்த புதிதில் றஞ்சிதம் வாயைத் திறந்தாலே வகுப்புச் சிரிக்கும். "ஓம்" என்று சொல்லும் ஊரில் அவள் "ஆமாங்க" என்பாள். "தோட்டக்காடு" என்று பட்டம் வைத்தார்கள். அந்தச் சொல்லைச் சொன்ன வாய்களுக்கு ஒரு தோட்டமும் தெரியாது, ஒரு காடும் தெரியாது. ஆனாலும் சொன்னார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த அன்ரோனெற் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பேசாலைப் பிள்ளை. தொண்ணூறில் இரண்டு வயதுக் குழந்தையாக இடம்பெயர்ந்து நானாட்டானுக்கு வந்தவள். அவளும் வந்த ஆள்தான், ஆனால் அவளுடைய பேச்சு யாருக்கும் சிரிப்பில்லை.

"ஆமா எண்டு சொல்லாதை, ஓம் எண்டு சொல்லு. முடிவில 'ங்க' போடாதை. 'வந்துச்சு' இல்லை, 'வந்தது.' எங்கை, சொல்லு பாப்பம்."

ஞானோபதேசம் படிப்பிப்பதுபோல ஒவ்வொரு இடைவேளையும் படிப்பித்தாள். பழகுவதற்காக அன்ரோனெற்றும் ராக்கம்மா மாதிரிப் பேசிக் காட்டுவாள். அச்சு அசல். றஞ்சிதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எட்டாம் வகுப்பில் றஞ்சிதத்தின் வாயில் ஒரு 'ங்க'வும் இல்லை. அவள் எந்த ஊர் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் வாயைத் திறந்தால்தானே ஞாபகம் வரும்? பட்டம் மறந்துபோயிற்று. அன்ரோனெற்றுக்காக அவள் உயிரையும் கொடுத்திருப்பாள். சும்மா சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலை நடைப்பயணம். பாசறை போட்டிருந்த கோயில் வளவிலிருந்து பனங்கூடலுக்குள்ளால் நடந்து, கடற்கரையால் சுற்றித் திரும்ப வேண்டும். தாமரை அணி ஆறு பேர் முன்னுக்கு. அரை மணித்தியாலம் கழித்து ஏழாம் வகுப்புச் சின்னப் பிள்ளைகளின் மல்லிகை அணி, அம்பைப் பார்த்துப் பின்னுக்கு. மிஸ் புறப்படும்போது விரலை ஆட்டிச் சொன்னார்: "இடிஞ்ச மதில் வந்தால் வலக்கைப் பக்கம். இடக்கைப் பக்கம் முள்ளுக்கம்பி, மிதிவெடி, ஆமிக்காரற்றை காவல் சென்றி. தலை போனாலும் அங்காலை போகக் கூடாது."

றஞ்சிதம் சந்திக்குச் சந்தி குந்தியிருந்து கல்லடுக்கினாள். நேராக ஏழு கல், தலைக்கு இருபக்கமும் மும்மூன்று. இடிந்த மதிலடியில் வலப்பக்கம் அம்பு போட்டு நிமிர்ந்தபோது அன்ரோனெற் அசையாமல் இடப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தா, அம்மா சொன்ன மாதிரியே எங்கட வீடு. கூரையில்லை. கிணத்துக்கட்டுத் தெரியுது பார்."

"வாடி போவம்."

"அஞ்சு நிமிசமடி. அம்மா ஆட்டுக்கல்லுக் கிடக்குதோ எண்டு பாத்து வரச் சொன்னவ. ஓடேக்க அதைத்தான் தூக்க ஏலாமப் போனது. இந்தத் தீவில எங்களிட்ட இருந்த ஒரே கல்லு அது."

"மிஸ் சொன்னது காதில விழேல்லையோ? மிதிவெடி."

"கம்பியடி மட்டும்தான் போறன். அம்மாவாணை. நீ எண்டால் போகாமல் இருப்பியே? உன்ர அம்மா அவவின்ர அக்காவைப் பாக்கத்தானே உன்னை அனுப்புறா?"

றஞ்சிதம் வந்த வழியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். "கெதியா வா" என்றாள். அது அவளுடைய பிழை, நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். தலைவி தலைவியாக நின்றிருக்க வேண்டும்.

மற்ற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு அடுத்த பனை நிழலில் போய் நின்றாள். அன்ரோனெற் பற்றைக்குள் புகுந்தாள். மாட்டுத் தடங்கள் நாலாபக்கமும் பிரிகிற இடம். திரும்பி வர வழி தெரிய வேண்டுமே என்று, பற்றை வாசலிலேயே கிடந்த சிப்பிகளைக் கூட்டி, தான் போகிற தடத்தைக் காட்டி ஓர் அம்பு போட்டுவிட்டுப் போனாள். பள்ளிக்கூடத்தில் படித்ததைத்தானே செய்வாள்? கம்பியடிக்குப் போய்ப் பார்த்தால், அவள் பிறந்த வீட்டு முற்றத்துக் கொடியில் பச்சைச் சேட்டுகள் காய்ந்தன. ஆட்டுக்கல்லைக் காணவில்லை. ஒரு தொப்பி தலை திரும்பியது. பயத்தில் வேறொரு தடத்தால் விழுந்தடித்து ஓடிவந்துவிட்டாள். சிப்பி அம்பு போட்டது போட்டபடி கிடந்தது.

"கண்டனியே?" என்று றஞ்சிதம் கேட்டாள். அன்ரோனெற் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். அம்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் மதிலடியில் இரண்டு அம்பைக் கண்டார்கள். கிறவல் கல்லைக் காற்று பாதி மணலால் மூடியிருந்தது. சிப்பி வெயிலில் பளபளத்தது. குழந்தைகள் எதைப் பார்ப்பார்கள்?

விசில் சத்தமும் சிங்களத்தில் கத்தலும் கடற்கரை வரைக்கும் கேட்டது. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் ஆறு குஞ்சுகள் கையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி நின்றன. ஆமிக்காரர் அவர்களை ஒவ்வொன்றாய், தாங்கள் வந்த காலடிமேலேயே கால்வைத்துத் திரும்ப வரச்செய்தார்கள். அந்தோனியார் புண்ணியத்தில் ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் தாமரை அணியும் கோயில் வளவுக்கு ஓடித் திரும்பிய பத்து நிமிடத்தில் ஓர் அதிகாரி நாலு பேரோடு உள்ளே வந்தார். கைநிறையச் சிப்பி. அதை மிஸ்ஸின் மேசைமேல் கொட்டினார்.

"மேக்க கவுத தெம்மே?"

மிஸ்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. தாமரை அணியை வரிசையில் நிறுத்தினார். "சேர் கேக்கிறார். ஆர் இந்த அம்பைப் போட்டது?"

றஞ்சிதத்துக்குச் சிப்பியைக் கண்டவுடனே விளங்கிவிட்டது. கடைக்கண்ணால் அன்ரோனெற்றைப் பார்த்தாள். இப்போது சொல்லுவாள், இதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள். தானாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. முகத்தை மூடிக்கொண்டு ஆமிக்கு ஆள் காட்டும் தலையாட்டிகள் எத்தனை பேரைப் பிடித்துக் கொடுத்த காலம் அது! காட்டிக்கொடுத்தவள் என்ற பெயரைவிடக் கேவலமான பெயர் எங்கள் பக்கத்தில் இல்லை.

அதிகாரி அவளுடைய தோள்பட்டியைக் கண்டு கிட்ட வந்து குனிந்தார். "நீ லீடர்?"

இடுப்பில் துவக்கு. ஐந்து வருடம் பழகிய பழக்கமெல்லாம் எங்கே போயிற்றோ, "ஆமாங்க" என்று வந்துவிட்டது.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த நேரத்திலும் சிரிப்பு! அந்தச் சிரிப்பு அடங்க முந்தி அன்ரோனெற் வாயைத் திறந்தாள்.

"ஓம் மிஸ். றஞ்சிதம்தான் போட்டவள். நான் வேண்டாமெண்டு சொன்னனான். இந்த இடங்கள் அவளுக்கு என்னத்தைத் தெரியும் மிஸ்? அவையள் தோட்டக்காட்டு ஆக்கள்தானே."

பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை, பயந்தவள் எதையும் சொல்லுவாள். ஆனால் அந்தச் சொல்! அதைத் துடைத்துவிட்ட கையே திரும்ப எடுத்து றஞ்சிதத்தின் முகத்தில் பூசியது. கூட இருந்தே குழி பறிப்பதென்றால் இதுதான்.

அவள் அழவில்லை. ஓடிப்போய்ச் சீனிப் பையைக் கொண்டுவந்து மிஸ்ஸுக்கு முன்னால் அவிழ்த்தாள். "மிஸ், பாருங்கோ, என்ர அம்பு எல்லாம் கிறவல் கல்லு. வழி முழுக்கக் கிடக்கு, வந்து பாருங்கோ. நான் ஒரு சிப்பியும் தொடேல்லை."

மாக்கிறட் மிஸ் கல்லைப் பார்த்தார். சிப்பியைப் பார்த்தார். அன்ரோனெற்றைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது, அது கண்ணில் தெரிந்தது. மிஸ்ஸும் பேசாலை ஆள்தான், அந்த இடிந்த மதில் யாருடைய வளவு என்பது அவருக்குத் தெரியாதா? படையினர் இருக்கிற வீட்டைப் பார்க்க அந்த வீட்டுக்காரப் பிள்ளையே போனாள் என்றால் வேவு என்பார்கள். இடம் தெரியாத பிள்ளை பிழையாய் அம்பு போட்டாள் என்றால் ஏச்சோடு போகும். மிஸ் ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் கழிபட்டது றஞ்சிதம்.

"அணித் தலைவிதான் பொறுப்பு. கதைக்காதை" என்றார். பிறகு அதிகாரியிடம் திரும்பிச் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். அதிகாரி றஞ்சிதத்தை மேலும் கீழும் பார்த்து, தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டார்.

இருட்டின பிறகு நெருப்புக் கூடாது என்று உத்தரவு. ஆகவே பாசறைத் தீயைப் பட்டப்பகலில், ஐந்து மணி வெயிலில் மூட்டினார்கள். கூடிநின்று வாக்குறுதி சொன்னார்கள். சாரணியின் சொல் நம்பத்தகுந்தது என்ற வரியை அன்ரோனெற் மற்றவர்களைவிடச் சத்தமாய்ச் சொன்னாள். அதே இடத்தில் நுவரெலியாவுக்கு அவளுடைய பெயரை மிஸ் வாசித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அன்ரோனெற் பக்கத்தில் வந்து இருந்தாள். பனங்கட்டித் துண்டொன்றை றஞ்சிதத்தின் மடியில் வைத்தாள். "மிஸ்ஸிட்டைப் பேந்து உண்மையைச் சொல்லுறன். சத்தியமா."

"அம்பு நான் போட்டதெண்டு சொன்னனி, சரி" என்றாள் றஞ்சிதம். "மற்றச் சொல்லை ஏனடி சொன்னனி?"

அன்ரோனெற் வெளியே கடலைப் பார்த்தாள். "அதைச் சொன்னால்தான் நம்புவினம்."

றஞ்சிதம் எழும்பிப் போய் முன் சீற்றில் இருந்தாள். பனங்கட்டி அவள் மடியிலிருந்து விழுந்து பஸ் முழுக்க உருண்டது.

வீட்டில் அவள் நடந்ததைச் சொல்லவில்லை. தோட்டக்காடு என்ற சொல்லைத் தாயின் முன்னால் எப்படி எடுப்பது? "பாட்டுப் பாடுற பிள்ளை வேணுமெண்டு அன்ரோனெற்றை எடுத்தவை" என்றாள். ராக்கம்மா அடுப்பில் கொள்ளியை உள்ளே தள்ளினாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழும்பினாள்.

"போவுது. யாரு போனா என்னா, நம்ம புள்ள மாதிரித்தானே அதுவும். அக்காவுக்குக் கருவாடும் பச்சரிசியும் கட்டித் தாறேன், கொண்டு போவட்டும். நீ ரெண்டு வரி எழுதி உள்ள வையி, நீ வரல, உன் கூட்டாளி வருதுன்னு."

"அவளுக்கு வாய் இருக்குத்தானே? சொல்லுவாள்."

"எழுதுடி."

"ஏலாது!"

எழுதவில்லை. அந்த ஆத்திரத்தில் இரண்டு வரி எழுதாமல் விட்டதை நினைத்துப் பின்னால் எத்தனை தரம் தலையிலடித்துக்கொண்டாள்! ராக்கம்மா பார்சலைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கே நடந்து போய்க் கொடுத்தாள். "குடுக்கிறன் அன்ரி" என்று சொன்ன அன்ரோனெற் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "என்னா அடக்கம்! தங்கமான புள்ள" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள் ராக்கம்மா.

பாசறை முடிந்து வந்த அன்ரோனெற் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் வரவில்லை. அவளைக் காண முந்தியே றஞ்சிதத்தின் வீட்டுக்குக் கடிதம் வந்துவிட்டது. வெள்ளையம்மா சொல்ல, பேரப்பிள்ளை யாரோ எழுதியிருந்தான். ராக்கம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சுளகில் அரிசி புடைத்தபடி முற்றத்தில் இருந்தாள். மகள் வாசித்தாள்.

"அன்புள்ள தங்கச்சி ராக்குவுக்கு, நாங்க நல்லாருக்கோம். நீ எழுதுன மாதிரியே பாசறைக்குப் போனேன். வாசல்ல நின்னு மன்னார்ப் புள்ளன்னு கேட்டேன். ஒரு புள்ள உன் பார்சலத் தூக்கிட்டு ஓடியாந்துச்சு. எனக்கு இப்ப ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்துருச்சு, மொகம் சரியாத் தெரியல. தடவித்தான் பாத்தேன். நீதான் எங்க ராக்கு மகளான்னு கேட்டேன்..."

றஞ்சிதம் நிறுத்தினாள்.

"என்னாடி நிறுத்திட்ட? படி."

"...'ஆமாங்க'ன்னுச்சு."

சுளகு நின்றது. றஞ்சிதம் அடுத்த வரிகளை ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளினாள். "கட்டிப் புடிச்சு அழுதேன். அதுவும் ஓன்னு அழுதுச்சு. நம்ம அம்மா கையில கெடந்த வெள்ளிக் காப்ப அது கையில போட்டு வுட்டேன். இருபத்தாறு வருசம் நீ அந்த ஊர்ல இருந்தும் உன் மகளுக்கு நம்ம பேச்சு மாறவே இல்லியே ராக்கு. அச்சு உன்னய மாதிரியே பேசுது. அது குரலக் கேட்டதே நீ வந்த மாதிரி இருந்துச்சு. இனி நான் செத்தாலும் பரவால்ல."

கோழி ஒன்று வந்து சிந்தின அரிசியைப் பொறுக்கியது. அதை விரட்டக்கூட ராக்கம்மாவுக்குத் தோன்றவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"கண்ணு தெரியாத மனுசி" என்றாள் கடைசியில். "அந்தப் புள்ளயும் என்னா செய்யும்? இல்லன்னு சொல்ல மனசு வந்துருக்காது. அக்கா சந்தோசமா இருக்கு. அதக் கெடுக்க வேணாம்டி. பதில் எழுது. காப்பு கைக்கு அளவா இருக்குன்னு எழுது."

இல்லையென்று சொல்ல மனம் வராதாம்! றஞ்சிதம் தன் வெறுங்கையால் பேனையைப் பிடித்தாள். தாய் சொல்லச் சொல்ல எழுதினாள். காப்பு அளவாக இருக்கிறது என்று எழுதினாள். பெரியம்மாவை அடிக்கடி நினைக்கிறேன் என்று எழுதினாள்.

"முடிவுல உன் பேரப் போடு."

பேனை கடதாசிமேல் நின்றது. ஒரு 'ற' எழுதக் கை எழும்பவில்லை. றஞ்சிதம் பேனையை மூடி நிலத்தில் வைத்தாள்.

"என் பேர அவ எடுத்துக்கிட்டாம்மா" என்றாள். "நம்ம பேச்ச வுட்டுருன்னு சொன்னதும் அவதான். வுட்டுட்டேன். அதையும் அவளே எடுத்துக்கிட்டா. எனக்குன்னு எதாச்சும் வச்சாளாம்மா?"

ஐந்து வருடத்துக்குப் பிறகு மகளின் வாயில் தன் பேச்சைக் கேட்ட ராக்கம்மா சுளகைக் கீழே வைத்தாள். மகளுக்குப் பக்கத்தில் வந்து நிலத்தில் குந்தினாள். அந்த முகத்தைப் பார்த்தவுடனே அவளுக்குப் பாட்டும் காரணமில்லை, காய்ச்சலும் காரணமில்லை என்று தெரிந்துபோயிற்று.

"பேசாலையில என்னாடி நடந்துச்சு?" என்று கேட்டாள்.